மிதவையைச் சுற்றி

எழுபதுகளின் பிற்பாதியில் கொஞ்ச காலம் நான் பார்த்த வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. என் மாமியார் தெருவில் கேட்பவர்களிடம், "துறைமுகத்துல கணக்கு எழுதுதா" என்று சொல்லி வைத்திருந்தார். அது பொய்யும் இல்லை. கடல்மேல் பறக்கிற பறவைகளையும், மூச்சு விட மேலே வருகிற ஓங்கல் என்கிற டால்பின்களையும் கடல்பசுக்களையும் எண்ணி எழுதுவதுதான் வேலை. எண்ணுவது கணக்குதானே.

பெட்ரோல் விலை தலைக்குமேல் ஏறிவிட்ட வருடங்கள் அவை. அலையிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று பார்க்க மெட்ராஸிலிருந்து சில இன்ஜினீயர்கள் தூத்துக்குடிக்கு வந்தார்கள். வடக்கே கீழவைப்பாருக்கு நேர் எதிரே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி, அலையின் உயரத்தை அளக்கிற ஒரு மஞ்சள் உருண்டையை மிதக்கவிடுவது அவர்கள் திட்டம். இடம் சரிப்பட்டால் பிறகு அங்கே பெரிய இரும்புப் பெட்டிகளை இறக்குவார்கள். அலை ஏறி இறங்கும்போது பெட்டிக்குள் காற்று அழுந்திச் சக்கரத்தைச் சுற்றும். காகிதத்தில் பார்க்க எளிதாக இருந்தது.

அவர்களில் மூத்தவர் ஒருவர், மெலிந்த மனிதர், எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர், அந்த இடத்தில் ஏற்கெனவே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று தெரியாமல் இரும்பைக் கொண்டுபோய் இறக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். மற்றவர்களுக்கு அது வீண் வேலையாகப் பட்டது. அவர் நான் படித்த கல்லூரியில் போய் விசாரிக்க, என் பேராசிரியர் என் பெயரைச் சொல்லிவிட்டார். நான் விலங்கியல் படித்தவள், தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறவள், வேலை இல்லாமல் இருப்பவள். மூன்றும் சேர்ந்த ஆள் வேறு யாரும் அவருக்குத் தெரியவில்லை போல.

நான் பிறந்தது தாமிரபரணிக் கரையில் ஒரு வயல்காட்டு ஊர். கொக்கும் நாரையும் தெரியும். கடலைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் நின்று பார்த்தேன். என் கணவர் உப்புக் கம்பெனி ஒன்றில் எழுத்தர். "கடல்ல பறவையை எண்ணணுமாம்" என்று நான் சொன்னதும் அவர், "எண்ணி?" என்று கேட்டார். "எழுதணும்" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவரிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

முதல் சில வாரங்கள் புதுத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரில் நின்று பழகினேன். கருங்கல்லைக் கொட்டி நீளமாகக் கடலுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். அதன் நுனியில் நின்றால் இரண்டு பக்கமும் தண்ணீர். ஆலாக்களில் எத்தனை வகை இருக்கின்றன என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. மஞ்சள் அலகும் கலைந்த கொண்டையும் உள்ளது ஒன்று. காரட் நிறத்தில் தடித்த அலகு உள்ளது ஒன்று. கையகலத்துக்கு இருந்துகொண்டு தண்ணீரில் கல் விழுந்ததுபோல் விழுந்து எழும் சின்ன ஆலா ஒன்று. குளிர்காலத்தில் வருகிற கடற்காக்கைகள் துறைமுகக் கழிவுக்கு வந்து கூச்சலிடும். கல் அடுக்கும் ஆட்கள் என் பைனாகுலரைப் பார்த்து என்னைச் சுங்க இலாகாவின் ஆள் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நாள் தள்ளியே இருந்தார்கள். அந்தக் காலத்தில் கரையில் பைனாகுலர் வைத்திருந்தவர்கள் சுங்கக்காரர்கள்தாம்.

சிக்கல் வள்ளத்தில் வந்தது. மிதவை கிடக்கப்போகிற இடத்தைக் கரையிலிருந்து எண்ண முடியாது; மாதத்தில் சில நாள் கடலில் போயாக வேண்டும். இன்ஜினீயர் கீழவைப்பாரில் ஒரு வள்ளக்காரரைப் பேசி வைத்திருந்தார். ஐம்பதை நெருங்குகிறவர், நெஞ்சில் ஜெபமாலைக் குருசு, வெயிலில் கறுத்த முதுகு. கடற்கரைச் சாலை பஸ்ஸில் நாங்கள் இருவரும் போய் இறங்கியபோது அவர் இன்ஜினீயரை மட்டும் பார்த்துப் பேசினார்.

"வள்ளம் வாடகைக்கு உண்டு சார். எண்ணுதவரை எப்பம் அனுப்புவிய?"

"இவங்கதான் எண்ணுவாங்க" என்றார் இன்ஜினீயர்.

அவர் என் பக்கம் திரும்பாமலே தலையை ஆட்டினார். "பொம்பளய ஏத்த முடியாது சார். நான் ஏத்துனாலும் ஊர் விடாது. பெறவு ஒரு நாள் மீன் படலன்னாலும் எம்மேல சொல்லுவான்."

இன்ஜினீயர் வாதாடவில்லை. என் கணவரை அனுப்பலாமா என்று என்னிடம் கேட்டார். அவருக்குக் காக்கையையும் கடற்காக்கையையும் பிரித்துச் சொல்லத் தெரியாது என்றேன். வலை காயப்போட்டிருந்த கம்புகளுக்கு அந்தப் பக்கம் மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். வள்ளக்காரரின் மனைவி. பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு குளத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மீன் விற்கிறவள். பெரிய உடம்பு, பெரிய குரல்.

"ஒத்தப் பொம்பள ஏறுனாதான தோசம்" என்றாள் கணவரிடம். "ரெண்டு பேரு ஏறுனா சோடியாப் போயிரும்லா. நானும் வாரேன்."

"ஏளா, நீ சும்மா கெட."

"சும்மாதான் கெடக்கேன், முப்பது வருசமா. ஆடி காத்துல வள்ளத்தைக் கவுத்துப் போட்டுக் காத்திருக்கறதுக்கு இது மோசமா?"

அந்த வாதத்தில் நியாயம் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. ஆனால் அது வேலை செய்தது. வள்ளக்காரர் மாதா கோயில் சாமியாரிடம் போய்க் கேட்டார். சாமியார், கடலும் ஆண்டவர் படைத்ததுதானே என்று மட்டும் சொன்னாராம். அதை அவரவர் விருப்பம்போல் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் நாங்கள் போனோம்: வள்ளக்காரர், அவருடைய தம்பி, அவர் மனைவி, நான்.

நான் எதிர்பார்த்தது எனக்கு வாந்தி வரும் என்று. வந்தது அவளுக்கு. கரையிலேயே பிறந்து கரையிலேயே வளர்ந்து, கடல் மீனையே தொழிலாகக் கொண்ட அந்தப் பெண் அன்றைக்குத்தான் முதன்முதலாக வள்ளத்தில் ஏறியிருந்தாள். வாந்தி எடுத்து ஓய்ந்தபின் வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். நாங்கள் மூவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க அவள் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அந்தா தெரியுதுல்லா, அது எங்க கோயிலு" என்றாள். நான் டீச்சர் இல்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். படித்த பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "இம்புட்டுக்காணும் இருக்கு. எங்க வீடு எங்கன?"

வள்ளக்காரர் திரும்பாமலே, "கோயிலுக்குத் தெக்க மூணாவது பனை" என்றார். அவர் பனையை வைத்துத்தான் கரையைக் கண்டுபிடிப்பார் என்பது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க தெனமும் இப்படித்தான் பாத்துக்கிட்டு வருவியளா?" என்று கேட்டாள். அவர் பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

வேலை இப்படித்தான் நடந்தது. வள்ளத்தின் முன்பக்கம் உட்கார்ந்து, இடமிருந்து வலமாகக் கடலை மெதுவாகப் பார்த்துக்கொண்டே வருவேன். பார்த்ததை உடனே எழுதுவேன். பார்க்காத நேரத்தையும் எழுத வேண்டும். ஒன்றும் இல்லை என்பதும் ஒரு தகவல். ஓங்கல்களை எண்ணுவது கடினம். ஒரே விலங்கு மூன்று முறை முதுகைக் காட்டும். மூன்று விலங்குகள் ஒரே இடத்தில் மூச்சு விடும். கடல்பசு அதைவிட மோசம். மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்த மிருகம் மூக்கு நுனியை மட்டும் மேலே நீட்டி ஒரு மூச்சு இழுத்துவிட்டு உள்ளே போய்விடும். தேங்காய் மட்டை மிதக்கிறது என்று நினைத்து விட்டுவிடலாம். கீழவைப்பாருக்கு எதிரே கடலடியில் புல் நிறைய உண்டு. அதை மேயத்தான் ஆவுளியா வரும் என்று வள்ளக்காரர் சொன்னார். எங்கள் கண்ணில் அபூர்வமாகத்தான் பட்டது.

மிதவை வந்து இறங்கிய நாளில் ஊரே கரையில் நின்றது. மஞ்சள் உருண்டையில் வள்ளங்கள் வந்து மோதாமல் இருக்க, பக்கத்தில் இரும்புப் பீப்பாய்களைக் கட்டி ஒரு தெப்பத்தையும் நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள். அதன்மேல் ஒரு சிவப்புக் கொடி. கரையில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து, உருண்டை அனுப்புகிற அலையின் கோட்டைக் காகிதத்தில் கீறும் இயந்திரத்தை அங்கே வைத்தார்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் தெப்பத்துக்கு ஒரு வாழ்க்கை வந்துவிட்டது. முதலில் பாசி பிடித்தது. பாசியைத் தேடிச் சின்ன மீன்கள் வந்தன. சின்ன மீன்களைத் தேடிப் பெரிய மீன்கள் வந்தன. ஆலாக்கள் பீப்பாய்களின்மேல் வரிசையாக உட்கார்ந்து எச்சமிட்டு அவற்றின் சிவப்பு வர்ணத்தை வெள்ளையாக்கின. தெப்பம் வருவதற்கு முன் அந்த இடத்தில் நான் வெறும் பூஜ்யம் எழுதிய நாட்கள் உண்டு. இப்போது எழுதக் கை வலித்தது. இன்ஜினீயர் வந்தபோது அதைச் சொன்னேன். அவருக்கு மகிழ்ச்சி.

"அப்போ நம்ம பெட்டிகள் வந்தா பறவைகளுக்கு நல்லதுன்னு எழுதலாமா?"

"நெறய வருதுன்னு எழுதலாம் சார். நல்லதான்னு இன்னும் தெரியல."

"எப்போ தெரியும்?"

"அதுவும் தெரியல."

அவர் சிரித்தார். அவரை ஒருமுறை வள்ளத்தில் கூட்டிப்போனோம். போகும் வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். வள்ளக்காரரின் மனைவி தன் முந்தானையை நனைத்து அவர் நெற்றியில் போட்டாள். அன்றைக்கு ஓங்கல்கள் வள்ளத்துக்கு அருகே வந்து வெகுநேரம் விளையாடின. அவர் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. பிற்பாடு என் கணக்கைப் பார்த்துவிட்டு, "இத்தனை வந்துச்சா?" என்று கேட்டார்.

மீன் இருக்கும் இடத்துக்கு வலை வரும். முதலில் ஊர்க்காரர்கள் அந்தத் தெப்பத்தைத் திட்டினார்கள். இரும்பைப் போட்டு மீனை விரட்டுகிறான் என்றார்கள். வள்ளத்தில் பெண்கள் ஏறியதையும் அதோடு சேர்த்துச் சொன்னார்கள். பிறகு யாரோ ஒருவர் தெப்பத்தின் அருகே வலை போட்டு நிறைய அள்ளிக்கொண்டு வர, பேச்சு நின்றது. ஆடிக் காற்று அடங்கி வள்ளங்கள் மறுபடி இறங்கியபோது தெப்பத்தைச் சுற்றி வலைகள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகக் கிடந்தன. அவற்றில் திருக்கை வலைகளும் உண்டு. பெரிய கண்ணுள்ள கனத்த வலை. சாயங்காலம் போட்டுவிட்டு வந்தால் மறுநாள் போய் எடுப்பார்கள். எங்கள் வள்ளக்காரரும் ஒன்று போட்டிருந்தார். அதை நான் தவறாக நினைக்கவில்லை. யாருமே நினைக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு காலை. கடல் எண்ணெய் விட்டதுபோல் கிடந்தது. எண்ணுவதற்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. தெப்பத்தைச் சுற்றி வந்து முடித்ததும் வள்ளக்காரர், வந்ததோடு வலையையும் பார்த்துவிடலாம் என்றார். அவரும் தம்பியும் இழுக்கத் தொடங்கினார்கள். கனமாக இருந்தது.

"பெரிய திருக்கையா?" என்று அவள் கேட்டாள்.

"திருக்கை இப்படி இழுபடாது" என்றார் அவர்.

தண்ணீருக்குள் சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது. மேலே வரவர அது வழவழப்பான முதுகாகி, பிறகு சின்னக் கண்ணும் தடித்த மேலுதடும் உள்ள முகமாயிற்று. தம்பி, "ஆவுளியா" என்றான். அது செத்திருந்தது. மீனைப்போல் தண்ணீருக்குள் மூச்சு விட அதனால் முடியாது. வலையில் மாட்டிய பிறகு மேலே வர வழியில்லாமல் போயிருக்கும். வள்ளத்தின் பக்கவாட்டில் அதைக் கயிற்றால் கட்டப் புரட்டியபோது முன்துடுப்புகளின் அடியில் இரண்டு முலைகள் தெரிந்தன. அமுங்கியதில் ஒன்றிலிருந்து பால் வந்து தண்ணீரில் புகைபோலக் கலைந்தது.

இவ்வளவு நாளும் தேங்காய் மட்டையளவு மூக்கைத் தவிர நான் அந்த விலங்கைப் பார்த்ததில்லை. நீளத்தைக் கண்ணால் அளந்தேன். பெண், பால் கொடுக்கும் பருவம், திருக்கை வலை, இறந்தது என்று எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது வள்ளத்துக்கு மறுபக்கம் ஒரு பெருமூச்சுச் சத்தம் கேட்டது. குட்டி. ஓர் ஆட்டுக்குட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. வள்ளத்தின் அடியில் புகுந்து தாயைக் கட்டியிருந்த பக்கத்துக்கு வந்தது.

"அண்ணாச்சி, இதைப் பிடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு" என்றேன்.

"நாம எங்க பிடிச்சோம் டீச்சர்? அதா வந்து விழுந்துட்டு" என்றார் அவர். என்னைக் கேலி செய்யவில்லை; நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். "கடல்ல விட்டா சுறாவுக்குத்தான் போவும். ஊருல எல்லாரும் ஒரு நேரம் திம்பாங்க."

வள்ளம் கரைக்குத் திரும்பியது. குட்டியும் கூடவே வந்தது. கயிறு கட்டியிருந்த பக்கத்தைவிட்டு அது விலகவே இல்லை. தாயின் உடம்பு அலையில் ஆடும்போது அதுவும் அதே மாதிரி சாய்ந்து நீந்தியது. அவள் வள்ளத்தின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்றைக்குத்தான் அவள் கரையைப் பார்க்கவில்லை.

கரையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். முழங்கால் தண்ணீரில் தாயை அவிழ்த்து மணலில் இழுத்துப்போனார்கள். ஒருவன் வீட்டுக்கு ஓடிக் கத்தி எடுத்துக்கொண்டு வந்தான். குட்டி வள்ளத்தின் பக்கவாட்டில், கயிறு தொங்கிய இடத்திலேயே, சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தூக்க இரண்டு பேர் குனிந்தார்கள். அவள் சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி அவர்களுக்கும் அதற்கும் நடுவே போய் நின்றாள்.

"விடுங்க, அதைத் தொடாதிய" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவள் குரலை உயர்த்தாமல் பேசி அந்த ஊர் பார்த்ததில்லை என்பதால்தானோ என்னவோ, இருவரும் நிமிர்ந்து நின்றார்கள். பிறகு கணவரிடம் சொன்னாள்: "வள்ளத்தைத் திருப்புங்க. கொண்டு விட்டுட்டு வந்துருவோம்."

"ஏளா, பாலு குடிக்கிற குட்டி அது. அங்கன விட்டாலும் சாவும்."

"செத்தா அங்கன சாவட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். முதன்முறையாகப் பதில் வேண்டி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், அது தன்னால புல்லு மேயுமா?"

"சின்ன வயசுலயே மேயப் பழகும்னு படிச்சிருக்கேன் அண்ணாச்சி. ஆனா பாலும் ரொம்ப நாள் குடிக்கும். இது எம்புட்டு வயசுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. பிழைக்குமான்னும் தெரியல."

அவர் மணல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பங்கு போடத் தொடங்கியிருந்தார்கள். அவர் அங்கே இல்லாவிட்டால் அவர் பங்கு குறையும். தம்பியைக் கரையில் இருக்கச் சொல்லிவிட்டு வள்ளத்தைத் தள்ளினார். அவளும் நானும் ஏறிக்கொண்டோம்.

காற்று இல்லை. பாய் விரித்துப் பயனில்லாமல் துடுப்புத் தண்டு வலித்தார். அவளும் ஒரு தண்டை எடுத்துக்கொண்டாள், தாறுமாறாக வலித்தாள், அவர் திருத்தவில்லை. குட்டி வள்ளத்தின் நிழலிலேயே வந்தது. நடுவில் இரண்டு தடவை பின்தங்கியது. அப்போதெல்லாம் அவர் தண்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். காத்திருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. தெப்பத்துக்குத் தெற்கே, வலைகளைத் தாண்டி, கடலடிப் புல் கறுப்பாகத் தெரிகிற இடத்தில் வள்ளத்தை நிறுத்தினோம்.

அங்கே எவ்வளவு நேரம் இருந்தோம் என்று நான் எழுதி வைக்கவில்லை. அன்றைக்கு எழுதாமல் விட்டது அது ஒன்றுதான். குட்டி மேலே வந்து மூச்சு விடும், கீழே போகும், மறுபடி வள்ளத்தடிக்கே வரும். கடைசியாக ஒருமுறை கீழே போய்ச் சேற்றைக் கலக்கிக்கொண்டு சற்றுத் தள்ளி எழுந்தது. மேய்ந்ததா, தேடியதா, தெரியவில்லை. அப்போது கிழக்கிலிருந்து இளங்காற்று வந்தது. "பாயை எடுங்க" என்றாள் அவள். அவர் பாயை விரித்தார். கொஞ்ச தூரம் வரை அதன் மூக்கு எங்கள் பின்னால் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

திரும்பும் வழியில் அவர் வள்ளத்தைத் தன் வலை கிடந்த இடத்துக்குக் கொண்டுபோய் அதை முழுவதும் இழுத்து உள்ளே போட்டுக்கொண்டார். நாங்கள் கரைக்கு வந்தபோது மணலில் ஈரமும் ஈயும்தான் இருந்தன. தம்பி அவர்கள் பங்கை ஓலைப்பெட்டியில் வாங்கி வைத்திருந்தான். அவள் அதைக் குசினிக்குள் கொண்டுபோய்ச் சமைத்தாள். எல்லாரும் சாப்பிட்டார்கள் என்று பிற்பாடு அவளே சொன்னாள். "நான் மட்டும் சாப்பிடல. பிடிக்காமலா? ருசியாத்தான் இருக்கும்" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்து வழக்கம்போல் சமையல் செய்தேன். கணவர் அன்றைய கணக்கைக் கேட்டார், எப்போதாவது கேட்பார். சொன்னேன். கேட்டுவிட்டு மோரை எனக்கும் ஊற்றினார்.

எனக்கு விஷயம் புரியப் பிறகும் சில நாட்கள் ஆயின. புரிந்தபோது அது மிகச் சாதாரணமாக இருந்தது. தெப்பம் மீனைக் கூட்டியது. மீன் வலையைக் கூட்டியது. வலைகள் கிடந்தது புல்வெளியின் ஓரம். அதுவரை அந்த ஓரத்தில் யாரும் திருக்கை வலை போட்டதில்லை. இரும்பு எந்த உயிரையும் தொடவில்லை. இறக்கைகளையும் முதுகுகளையும் எண்ணிக்கொண்டிருந்த நான் வலைகளை எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை. அப்படி எண்ணச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து வலைகளையும் எண்ணினேன்.

இன்ஜினீயர் வந்தபோது இதை விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்போ எங்க கருவியால இல்லை, வலையாலதான்னு எழுதலாம்" என்றார்.

"உங்க கருவி இல்லாட்டி அந்த வலை அங்கன வந்திருக்காது சார்."

"வந்திருக்காது" என்று ஒத்துக்கொண்டார். "ஆனா அதை எந்தத் தலைப்புல எழுதுறது? இது மீன்பிடிப்பு. அது நம்ம வேலைக்குள்ள வராது."

"அதனாலதான் உங்ககிட்டச் சொல்லுதேன்."

அவர் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. எழுதியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அப்படிப்பட்ட ஆள்.

வள்ளக்காரர் தெப்பத்தின் அருகே மறுபடி வலை போடவில்லை. அவர் மனைவி மற்ற வீடுகளுக்கும் போய்ச் சொன்னாள். சிலர் கேட்டு, தங்கள் திருக்கை வலைகளைக் கொஞ்சம் வடக்கே மாற்றினார்கள். சில வாரம் கழித்து மீன் நிறையப் பட்ட ஒரு நாளில் எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிட்டன. அவளும் அலுத்துப்போய் விட்டுவிட்டாள். "நானும் அந்த மீனைத்தான விக்கேன்" என்றாள்.

குட்டியைத் தேடினோம். தேடுவது என் வேலை இல்லை. ஆனால் போகிற வழியில் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஐப்பசி தொடங்குமுன் ஒரு நாள், புல்வெளிக்குத் தெற்கே ஒரு சின்ன மூக்கு எழுந்து அமிழ்ந்தது. அவள் என் தோளைப் பிடித்து அழுத்தினாள். "அதானா டீச்சர்?"

"ஒண்ணு. இளசு. அவ்வளவுதான் சொல்ல முடியும் அக்கா."

"அதுதான்" என்றாள் அவள். நான் அவளை மறுக்கவில்லை. அதை ஆமோதித்து எழுதவும் இல்லை.

வாடைக் காற்றில் கடல் மோசமானபோது ஒரு நாள் கரையிலிருந்த இயந்திரம் கீறிக்கொண்டிருந்த கோடு நின்றுவிட்டது. மிதவை அறுந்துபோயிருந்தது. கடல் தணிந்ததும் தேடிப் போனோம். தெற்கே தூத்துக்குடிப் பக்கம் இருக்கும் தீவுகளில் ஒன்றின் மணலில் மஞ்சள் உருண்டை கிடந்தது, பக்கத்தில் தெப்பத்தின் பாதியும். அப்போதும் பீப்பாய்களின்மேல் ஆலாக்கள் உட்கார்ந்திருந்தன. இன்ஜினீயர் இன்னொன்றை இறக்கவில்லை. அதுவரை கிடைத்த கோடுகளே போதும் என்றார். மன்னார் வளைகுடாவுக்கு இலங்கை சுவர்போல் நிற்கிறது. பெரிய அலை உள்ளே வராது. வருகிற அலையில் ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பிரயோஜனம் இல்லை. மேற்குக் கடற்கரைதான் சரிப்படும் என்று முடிவாயிற்று.

"இலங்கை அங்க இருக்கிறது முன்னாலயே தெரியாதா சார்?" என்று வள்ளக்காரர் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"தெரியும்" என்றார் இன்ஜினீயர். "அளந்து பார்த்தாதான் எழுத முடியும்."

அதை நான் ஒத்துக்கொண்டேன். பறவை எண்ணுவதும் அப்படித்தான்.

வேலை முடிந்த பிறகும் பங்குனி வரை பழக்கதோஷத்தில் சில தடவை அலைதடுப்புச் சுவருக்குப் போய் நின்றேன். பிறகு வீட்டில் குழந்தை பிறந்தது, நின்றுபோயிற்று. இன்ஜினீயர் மேற்குக் கரைக்குப் போனார். தெப்பம் இல்லாமல் போனதும் மீன் கலைந்தது, வலைகளும் கலைந்திருக்கும். நான் போய்ப் பார்க்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து வேம்பார் பஸ்ஸில் வள்ளக்காரரின் மனைவியைச் சந்தித்தேன். கடல்பாசி வாங்க வியாபாரிகள் வரத் தொடங்கியிருந்த காலம். தீவுகளுக்குப் போய்ப் பாசி எடுக்கப் பெண்களை வள்ளத்தில் கூட்டிப்போனார்கள். கீழவைப்பாரிலிருந்து முதலில் ஏறியவள் அவள்தான். இப்போது ஒரு வள்ளம் நிறையப் போகிறார்களாம். வியாபாரி வந்த பிறகு கடல் கோபித்துக்கொள்வதை நிறுத்திவிட்டது என்று நான் சொன்னபோது அவள் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். இப்போது வாந்தி வருவதில்லை என்றாள். கணவருக்கு முட்டிவலி, அவர்தான் வீட்டில் இருக்கிறாராம். ஈரப் பாசி மூட்டையிலிருந்து தண்ணீர் வடிந்து கால்களுக்கு அடியில் ஓடியது. கண்டக்டர் அதைக் காட்டிச் சத்தம் போட, அவள் மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பம்பாயில் இருக்கிற மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.